திவசத்துக்கு ஒரு பீச் கொப்ளர்

1

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை காலை, மாண்ட்ரியல் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், க்வெர்ப் அவென்யூவில் உள்ள மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் வீட்டில் புகை அலாரம் அடித்தது.

இந்தக் கதை அந்த அலாரத்திலிருந்து வந்தது. நான் அதே கட்டடத்தின் நடு மாடியில் இருக்கிறேன். அப்போது வேறொரு கதையை எழுத உட்கார்ந்திருந்தேன். பல மாதங்களாக நகராத கதை. மேலே அலாரம் கத்தியதும், எழுந்து போக ஒரு காரணம் கிடைத்ததே என்றுதான் முதலில் தோன்றியது. பயம் படியேறும்போதுதான் வந்தது.

மேலே குணேஸ்வரி ஒரு துவாயை இரண்டு கையாலும் பிடித்து, கூரையிலிருந்த அலாரத்துக்குக் கீழே வீசிக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன. ஓவன் கதவும் திறந்திருந்தது. உள்ளே தாச்சிகள் என்கிற வாணலிகள், இட்லித் தட்டு, ஒரு பெரிய அலுமினியச் சட்டி, அவற்றின் மேல் உருகி வழிந்த பிளாஸ்டிக் மூடிகள்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. வீடு எரியேல்லை. மூடியள்தான் எரிஞ்சது."

"ஓவனுக்குள்ள ஏங்க இதையெல்லாம் வெச்சீங்க?"

"பின்ன எங்க வைக்கிறது?"

[நம் வீடுகளுக்குள் வந்து போகாதவர்களுக்கு: இங்கே ஓவன் என்பது அடுப்போடு கூடவே வருகிற ஓர் அலமாரி. யாழ்ப்பாணத்து வீட்டிலும் சரி, சென்னை வீட்டிலும் சரி, மேலே நாலு அடுப்பும் நாள் முழுக்க எரியும். கீழே சட்டிகள் தூங்கும். என் வீட்டு ஓவனில் பிரஷர் குக்கர் இருக்கிறது.]

அலாரம் நின்றதும் குணேஸ்வரி துவாயை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"ஒவ்வொரு வருசமும் அவர்தானே எல்லாத்தையும் வெளியில எடுத்து மேசையில வைக்கிறவர். எனக்கு அந்த ஞாபகமே வரேல்லை, அண்ணை. சுவிட்சைத் திருப்பினனான், அவ்வளவுதான்."

அவர் என்பது விமலநாதன், குணேஸ்வரியின் கணவர். சென்ற ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் மாரடைப்பில் இறந்தார். திதிப்படி முதலாம் ஆண்டுத் திவசம் அடுத்த வாரம், பதினேழாம் தேதி ஞாயிறு. அன்று அவருக்குப் படைக்கிற இலையில் அவர் ஆகஸ்ட் தோறும் ஓவனில் சுட்டு வந்த பழ இனிப்பான பீச் கொப்ளர் இருக்க வேண்டும் என்று குணேஸ்வரி முடிவு செய்திருந்தார். குணேஸ்வரி தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்திராத பண்டம். விமலநாதன் செய்யும்போது அந்தச் சமையலறைக்குள், அவர்கள் சொல்கிற குசினிக்குள், யாரையும் விட்டதில்லை.

இவ்வளவுதான் கதை. வருமா, வராதா, வந்தாலும் இலையில் ஏறுமா, ஏறாதா.

2

வேறு தொடக்கங்களும் எழுதினேன். அழித்துவிட மனமில்லை, இங்கேயே கிடக்கட்டும்.

"பீச் பழத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நினைப்பவர்கள்—"

இது மேடையில் பேசுகிற மாதிரி இருந்தது. சால்வை போர்த்த யாராவது வந்துவிடுவார்கள்.

"விமலநாதன் கனடாவில் வந்து இறங்கிய நாளில் பனி—"

நம்மவர் கதைகள் எல்லாமே பனியில்தான் தொடங்குகின்றன. விமலநாதன் வந்தது ஜூன் மாதத்தில். முதல் நாள் தன்னைக் கடித்தது கொசு என்று அவரே சொல்லியிருக்கிறார். "இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள் எண்டு யோசிச்சன், அண்ணை" என்பார்.

"ஒரு மனிதனை எதைக் கொண்டு நினைவில் வைப்பது என்ற கேள்விக்கு—"

இதை முடிக்கத் தெரியவில்லை. முடித்திருந்தால் கதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

அதனால் அலாரத்தோடு தொடங்கினேன். அதற்கு ஒரு தேதியாவது இருக்கிறது.

3

விமலநாதனின் ஆகஸ்ட் மாதங்களைச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை எழுதுவது எனக்குச் சுகமாக இருந்தது, ஆகவே நீளக்கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்டாரியோவிலிருந்து பீச் வரத் தொடங்கியதும் அவர் சனிக்கிழமைகளில் ஜான் தாலோன் சந்தைக்கு நடந்தே போவார். பழக்கூடைகளைச் சுற்றிச் சுற்றி வருவார். தொட மாட்டார், கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து முகர்ந்து பார்ப்பார். கியூபெக் விவசாயி ஒருவர் அவரைப் பார்த்ததும் "போன்ஜூர், டாக்டர்" என்பாராம். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் மாதிரி குனிவதால்.

பழங்கள் குசினி ஜன்னலடியில் பழைய தமிழ்ப் பத்திரிகை மேல் இரண்டு மூன்று நாள் இருக்கும். ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கியிருப்பார். வெயில் காலத்தில் நாங்கள் எல்லோரும் கதவைத் திறந்து வைத்திருப்போம், படிக்கட்டு முழுக்க அந்த வாசனை இறங்கும். பிறகு ஒரு நாள் மேலே சட்டிகள் உருள்கிற சத்தம். தாச்சிகள், மூடிகள், இட்லித் தட்டு எல்லாம் ஓவனிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறுகின்றன. என் மனைவி அனுசூயா கீழே இருந்தபடி, "இன்னைக்கு ராத்திரிக்கு நான் ஸ்வீட் எதுவும் பண்ணலை" என்பாள்.

மாலையில் அவர் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு இறங்கி வருவார். சூடு குறையாமல் துணி சுற்றியிருக்கும். மேலே பொன்னிறமாகப் பொரிந்த மாவு. கரண்டியை விட்டால் உள்ளே பழச்சாறு. கறுவாப்பட்டை வாசனை, கொஞ்சம் சாதிக்காய். அது கேக்கும் இல்லை, அல்வாவும் இல்லை.

"முட்டை போடேல்லை. நல்லூர்த் திருவிழா நடக்குது எல்லே" என்பார். நல்லூர்க் கந்தனுக்கு அங்கே திருவிழா நடக்கிற ஆகஸ்ட் நாட்களில் இங்கே அவர்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன், முட்டை, இறைச்சி, கிடையாது. பீச் பழுப்பதும் அதே நாட்களில். இரண்டும் தற்செயலாகச் சந்தித்து, அந்த வீட்டில் பீச் கொப்ளர் ஒரு விரதப் பண்டமாக ஆகியிருந்தது. மகள் சாருஜா சின்ன வயதில், முருகனுக்குப் பிடித்த பழம் பீச் என்று பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் எழுதியிருக்கிறாள்.

டவுன்டவுனில், இப்போது இல்லாத ஓர் உணவகத்தின் குசினியில் அவர் வேலை செய்தார். கோப்பை கழுவப் போய், மரக்கறி வெட்டி, கடைசியில் சமையற்காரராக ஓய்வு பெற்றார். கனடா வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே இடம். ஊரில் ஒன்றிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். மரண அறிவித்தலில் "முன்னாள் ஆசிரியர்" என்று மட்டும் போட்டார்கள். எழுதிக் கொடுத்தவர் அவருடைய தமையனார் சிவராசா.

4

சிவராசாவை முதல் பிரதியில் வில்லனாக எழுதியிருந்தேன். "தடித்த மீசையும் அதைவிடத் தடித்த பிடிவாதமும் கொண்ட—" என்று ஒரு வரி. அவருக்கு மீசையே இல்லை. லாசாலில் இருக்கிறார், நீண்ட காலம் கடை வைத்திருந்து விற்றவர். தம்பியைக் கனடாவுக்குக் கூப்பிட்டவரும், அந்த உணவகத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அவரும் அங்கே தம்பியோடு ஒரு குளிர்காலம் கோப்பை கழுவியிருக்கிறார்.

அலாரம் அடித்த அதே சனிக்கிழமை பின்னேரம், திவசத்துக்கு ஐயரிடம் பேசியதைச் சொல்ல வந்தார். நான் ஓவன் தட்டிலிருந்து பிளாஸ்டிக்கைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். சாருஜா லாவலிலிருந்து வந்திருந்தாள். கார்தெரி ஒன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, வீட்டுக்குள்ள டயர் எரிச்சனியோ?"

"கொப்ளர் செய்யப் பாத்தனான் அத்தான். திவசத்துக்கு அவருக்குப் படைக்க."

சிவராசா என்னைப் பார்த்தார். "உங்கட யோசனையோ?"

"இல்லைங்க. நான் மூடி சுரண்டறேன்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பிள்ளை, திவசத்துக்கு எண்டு ஒரு முறை இருக்கு. வாழைக்காய், பயித்தங்காய், வடை, பாயசம். இதுக்குள்ள உந்தச் சாமானைக் கொண்டு வராத."

"இதில முட்டை இல்லை அத்தான். மா, சீனி, பட்டர், பால், பழம். எது ஆகாது, சொல்லுங்கோ."

"ஆகும் ஆகாது எண்டில்லை."

"எட்டுச் செலவுக்கு நீங்கள் விஸ்கிப் போத்தல் கொண்டந்து வைச்சனீங்கள். அவர் ஒரு நாளும் விஸ்கி குடிச்சதில்லை. அது நீங்கள் குடிக்கிறது."

[எட்டுச் செலவு: இறந்த எட்டாம் நாள் செய்வது. அன்று மச்சமும் மதுவும் படைப்பார்கள். திவசம் சைவம்.]

சாருஜா போனிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தாள். "செ வ்ரே, பெரியப்பா. உண்மைதானே. அப்பா பியரே அரைவாசிதான் குடிப்பார்."

"நீ பேசாமல் இரு."

"நான் பேசாமல்தான் இருந்தனான். சிரிச்சனான்."

சிவராசா சிறிது நேரம் மேசை விரிப்பைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. நான் அதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதை அலங்கரித்தால் கெட்டுவிடும்.

"உனக்கு அது என்ன எண்டு தெரியாது, பிள்ளை. நாங்கள் கோப்பை கழுவேக்க, ஆக்கள் திண்டு போட்டு மிச்சம் வைச்சது திரும்பி வரும். கரண்டி படாத பக்கமாப் பாத்து வெட்டி எடுத்துத் திண்டனாங்கள். அந்தக் குளிருக்குள்ள, பசியில. மாட்டிறைச்சி எங்களுக்கு ஒத்துவராது, இனிப்புத்தான். இந்தக் கொப்ளர்தான். அவன் அதைப் பழகி, வீட்டில செய்து, ஊருக்கெல்லாம் குடுத்தான். அவன் குடுத்ததை நான் ஒரு நாளும் வாயில வைச்சதில்லை, கவனிச்சிருப்பாய். அது எச்சில். எச்சிலை அவன்ர இலையில வைக்கச் சொல்லுறியோ?"

 சாருஜா போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் சுரண்டுவதை நிறுத்தியிருந்தேன்.

இலையில் வைப்பது முதலில் எடுத்த உணவாக இருக்க வேண்டும். யாரும் ருசி பார்த்திருக்கக் கூடாது. இது எனக்கும் தெரியும், என் வீட்டிலும் அப்படித்தான். சமைக்கிறவர் உப்புக்கூடப் பார்க்க மாட்டார். வில்லன் என்று எழுதிய வரியை அன்று மாலையே அடித்தேன்.

5

குணேஸ்வரி விடவில்லை. புதன்கிழமை காலை என்னை மேலே கூப்பிட்டார். "அண்ணை, வந்து பாருங்கோ. இந்த முறை சட்டியள் எல்லாம் வெளியில."

உண்மைதான். மேசையில் இடமே இல்லை.

சாருஜா போனில் ஒரு செய்முறை எடுத்துக் கொடுத்திருந்தாள். தட்டில் பட்டரைப் போட்டு ஓவனில் உருக்கு. மா, சீனி, பேக்கிங் பவுடர், உப்பு, பால் கரைத்து அதன் மேல் ஊற்று. சீனியும் கறுவாவும் போட்டு வேகவைத்த பீச்சை அதன் மேல் பரப்பு. ஓவனில் வை. குணேஸ்வரி எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். கடைசியில் அகப்பையை எடுத்து, அடி பிடித்துவிடாமல், நன்றாகக் கிண்டிவிட்டார்.

"கிண்டணும்னு போட்டிருக்கா?"

"கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும் எல்லே."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கேசரியிலிருந்து மஸ்கட் அல்வா வரை, நாம் இனிப்பு என்று எதைச் செய்தாலும் கை வலிக்கக் கிண்டுகிறோம். பட்டரும் மாவும் பழமும் ஒரே பாத்திரத்தில் இருக்க, ஒருவர் அகப்பையைக் கையில் எடுக்காமல் நிற்பது நம்மால் முடியாத காரியம்.

வெளியே வந்தது ஒரு மஞ்சள் களி. பழம் கரைந்து, மா வேகாமல், ஓரத்தில் பட்டர் தேங்கி நின்றது. அனுசூயா ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "ரவா இல்லாத கேசரி மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றாள். குணேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கிறது வேற. அது இது இல்லை."

பிறகு அவர் சொன்னதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். "வருசா வருசம் இந்தக் குசினியில நிண்டு செய்தவர். நான் அங்க ஹோலுக்குள்ள இருந்து டீவி பாத்தனான். ஒருக்கா எட்டிப் பாத்திருக்கலாம்." எழுதிவிட்டேன். அவரிடம் கேட்டேன், எழுதலாம் என்றார்.

6

இந்த இடத்தில் கதைக்கு ஒரு புதிய ஆள் தேவை என்று எனக்குத் தோன்றியது. ஆள் இருந்தார். ஷெரோன். அந்த உணவகத்தில் இனிப்புகள் சுட்டவர். லிட்டில் பர்கண்டியில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். விமலநாதன் அவரிடமிருந்துதான் கொப்ளர் பழகினார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் எழுத்தாளனுக்குக் கை அரிக்கும்.

"அந்தக் குளிர்காலத்தில் ஷெரோன் அவன் கையைப் பிடித்து மாவைக்—"

அன்று மாலை, சாருஜாவும் இருக்கும்போது, குணேஸ்வரிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினார்.

"அண்ணை, உங்கட மூளை ஏன் உப்பிடிப் போகுது?"

"இல்லைங்க, கதைக்கு ஒரு சின்ன—"

"கதைக்கு வேணுமெண்டால் உங்கட கையை ஆராவது பிடிச்ச மாதிரி எழுதுங்கோ."

அனுசூயா பக்கத்தில்தான் இருந்தாள். "எழுதுங்களேன். நானும் படிக்கிறேன்" என்றாள்.

அந்த வாக்கியம் மேலே பாதியில் நிற்கிறது, முடியாது.

ஆனால் அதனால் ஒரு நன்மை நடந்தது. கேலி முடிந்ததும் சாருஜா சொன்னாள்: "அவ செத்தவீட்டுக்கு வந்தவா. பின்னுக்கு நிண்டவா. எனக்கு நம்பர் தந்தவா, ஏதும் வேணுமெண்டால் எடுக்கச் சொல்லி."

"அப்ப ஏனடி ஒரு வருசமாச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை, அம்மா."

7

வியாழக்கிழமை பின்னேரம் போன் மேசை நடுவில், தாச்சிகளுக்கு இடையில் இருந்தது, ஸ்பீக்கரில். ஷெரோன் ஆங்கிலத்தில் பேசினார், சாருஜா தாய்க்குச் சொன்னாள், நான் நினைவில் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

[சரியான நேரத்தில் வருகிற தொலைபேசி அழைப்பு மலிவான உத்தி. நான் சந்தேகப்படும் கதைகளில் எல்லாம் அது வருகிறது. இங்கே எடுத்தது நாங்கள். ஒரு முறை அடித்து யாரும் எடுக்காமல், மறுபடி எடுத்தோம். அவர் குளித்துக்கொண்டிருந்தாராம்.]

முதலில் செய்முறை. குணேஸ்வரி கிண்டியதாகச் சொன்னதும் அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "விமலும் முதல் தடவை கிண்டினார். கரண்டியைப் பிடுங்கி வைத்தேன். தொடாதே என்றேன். மாவைக் கீழே ஊற்று, பழத்தை மேலே வை, கதவைச் சாத்து. மா தானாகவே பழத்தைத் தாண்டி மேலே வரும். அவர் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அது மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்."

குணேஸ்வரி மெல்லச் சாருஜாவிடம், "இங்கயும் ஹோலிலயிருந்து பாத்தால் அவர் குந்தி இருக்கிற முதுகு தெரியும்" என்றார். அதைச் சாருஜா மொழிபெயர்க்கவில்லை.

பிறகு குணேஸ்வரி கேட்கச் சொன்னார். எப்படிக் கேட்பது என்று சாருஜாவுக்குத் தெரியவில்லை. எச்சில் என்பதற்கு அவளிடம் ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. கடைசியில் நேராகவே கேட்டாள்: அப்பாவும் பெரியப்பாவும் அங்கே மற்றவர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்த கொப்ளரைச் சாப்பிட்டார்களா?



"சாப்பிட்டார்கள்" என்றார் ஷெரோன். "நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பார்த்தேன். தட்டுகளை அடுக்குகிற இடத்தில் நின்று, கத்தியால் ஓரத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விமல் என்னைப் பார்த்ததும் கத்தியைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டார். எனக்குக் கோபம். அவர்கள் மேல் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு சின்னத் தட்டு தனியாகச் சுட்டேன். பெரிய தட்டுகள் ஓவனுக்குள் போவதற்கு முன்னால், முதல் தட்டு. கோப்பை கழுவுகிறவர்களுக்கு. வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதற்குப் பிறகுதான். வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிட மாட்டேன் என்று விமல் சொன்னார். அதனால் அந்தத் தட்டில் முட்டை போடவில்லை. அவர் வீட்டில் செய்தது அந்தத் தட்டைத்தான். பெரிய தட்டில் முட்டை உண்டு. அதற்குப் பிறகு அதை அவர் தொட்டதில்லை."

"பெரியப்பா?"

"அந்த அண்ணனா? அவர் அதற்குள் வேலையை விட்டுப் போய்விட்டார். பாவம், அவருக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை."

சாருஜா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் குணேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் அடுப்படியைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

8

குணேஸ்வரியே சிவராசாவுக்கு போன் எடுத்தார். நான் கேட்டது ஒரு பக்கத்தை மட்டும். மறுபக்கத்தைக் குணேஸ்வரி பிறகு சொன்னார்.

"அத்தான், அது எச்சில் இல்லை."

"ஆர் சொன்னது?"

"சுட்டவ சொன்னவ. முதல் தட்டு அவையளுக்கெண்டு தனியாச் சுட்டவவாம். மற்றவைக்குப் பிறகுதானாம்."

"நான் நிக்கேக்க அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை."

"நீங்கள் போன பிறகு, அத்தான்."

அதற்குப் பிறகு அவர் ஐயரைக் காலையில் யார் கூட்டி வருவது என்று மட்டும் கேட்டாராம். பார்க் மெட்ரோவிலிருந்து தானே கூட்டி வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

"என்ன முடிவுங்க?" என்று கேட்டேன்.

"தெரியாது. அவர் மூத்தவர், இலை போடுறவர் அவர். அவர் வேண்டாமெண்டால் நான் சபையில நிண்டு சண்டை பிடிக்க மாட்டன்." சிறிது நேரம் கழித்து, "ஆனால் செய்வன்" என்றார்.

சனிக்கிழமை காலை சந்தைக்குப் போனோம். குணேஸ்வரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டவில்லை. எல்லாப் பழத்தையும் தொட்டு அமுக்கி, விற்கிற பெண்ணிடம் பிரெஞ்சில் வாங்கிக் கட்டிக்கொண்டார். "மெர்சி, மெர்சி" என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டை அமுக்கினார். ஞாயிறு விடிந்ததும் ஓவன் எரிந்தது. நானும் கொஞ்ச நேரம் போய் நின்றேன். மா முதலில் ஓரங்களில் அசைந்தது. பிறகு பழத்துண்டுகளுக்கு நடுவில் குமிழ் விட்டு, அவற்றைச் சுற்றி ஏறி, மெல்ல மூடியது. பழம் ஒன்று மட்டும் மூடப்படாமல் மேலே தெரிந்தது. குணேஸ்வரி அகப்பையைச் சாருஜாவிடம் கொடுத்திருந்தார், பிடித்துக்கொள்ளச் சொல்லி.

ருசி பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. எப்படி இருக்கிறது என்று தெரியாமலே தட்டை ஒரு வெள்ளைத் துணியால் மூடினார்.

9

முடிவு. மூன்று எழுதினேன்.

(அ) சிவராசா ஒரு துண்டை வாயில் வைக்கிறார். கண் கலங்குகிறது. "தம்பி" என்கிறார். இதை எழுதி முடித்தபோது எனக்கே திகட்டியது.

(ஆ) சிவராசா வரவில்லை. ஐயர் தனியாக வருகிறார். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. இதைச் சில பத்திரிகைகள் விரும்பும். ஆனால் அவர் வந்தார், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, கையில் வாழையிலைக் கட்டோடு.

(இ) காகத்துக்கென்று பால்கனியில் இலைத்துண்டில் சோறும் கொப்ளரும் வைக்கிறார்கள். மாண்ட்ரியல் காகத்துக்குக் "கா கா" என்று கூப்பிட்டால் தெரியாது. அணில் வந்து கொப்ளரை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அனுசூயா படித்துவிட்டு, "அணில் வந்தா யாருக்குத்தான் பிடிக்காது? அதான் பிரச்சினையே" என்றாள். அவள் சொன்னது சரி. அணில் வந்தால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவதாக ஒன்றை எழுதப் பார்த்தேன். அதில் சிவராசா என்ன நினைத்தார் என்று சொல்ல வேண்டியிருந்தது. தனக்குக் கிடைக்காமல் போன அந்தத் தட்டைப் பற்றியா, தான் தம்பியை அங்கே சேர்த்துவிட்டதைப் பற்றியா, அல்லது வடை ஆறுகிறது என்றா. அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன், முகத்தில் எதுவும் தெரியவில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி ஒரு தமையனைத் தெரிந்திருந்தால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்:

[                                        ]

நடந்தது இது. ஐயர் கிரியையை முடித்துக்கொண்டு போனார். விமலநாதனின் படத்துக்கு முன்னால் சிவராசா இலையைப் போட்டார். சோறு, வாழைக்காய்க் கறி, பயித்தங்காய், பருப்பு, வடை, பாயசம் என்று குணேஸ்வரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் வைத்தார். பாயசத்துக்குப் பிறகு குணேஸ்வரி எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. சிவராசா குசினிக்குப் போய், துணி மூடிய தட்டைக் கொண்டு வந்து, ஒரு துண்டு வெட்டி இலையின் வலது பக்கத்தில் வைத்தார். வழக்கப்படி எல்லோரும் வெளியே வந்து, அறைக் கதவைச் சிறிது நேரம் சாத்தி வைத்தார்கள்.

பிறகு பந்தி. கொப்ளர் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. சாருஜா இரண்டு முறை வாங்கினாள். சிவராசா பாயசம் குடித்தார். கொப்ளர் சாப்பிடவில்லை.